பதினாலு மாத்திரை

குழந்தைக்குப் பேதி. அவிநாசிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களோடு ஓர் அட்டை மாத்திரையும் கொடுக்கிறார்கள். “தினம் ஒண்ணு, கரண்டியில கரைச்சுக் குடுங்க. பதினாலு நாளைக்கு விடாமக் குடுக்கோணும்” என்கிறார் செவிலியர். நாலாம் நாள் பேதி நின்றுவிடுகிறது. அம்மா பனியன் கம்பெனிக்குத் திரும்பிவிடுகிறார். மிச்சமுள்ள பத்து மாத்திரை அலமாரியில், சாமி படத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறது.

பல வீடுகளில் நடப்பது இதுதான். அந்தத் தாயின் யோசனையிலும் தப்பில்லை. பேதிக்குக் கொடுத்த மாத்திரை, பேதி நின்ற பிறகு எதற்கு?

மாத்திரையில் இருப்பது துத்தநாகம், அதாவது ஜிங்க். கம்பெனி ஷெட்டின் கூரைத் தகடு துருப்பிடிக்காமல் இருக்கப் பூசப்படும் அதே உலோகம். ஜாக்கெட்டில் வைத்துத் தைக்கும் ஜிப்பின் இழுப்பானை வார்ப்பதும் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில்தான். கூரையிலும் ஜிப்பிலும் இருக்க வேண்டிய உலோகத்துக்குக் கைக்குழந்தையின் வயிற்றில் என்ன வேலை?

இந்தக் கேள்விக்கு 1960-கள் வரை மருத்துவர்களிடமே பதில் கிடையாது. ஒரு வகைப் பூஞ்சை வளரத் துத்தநாகம் வேண்டும் என்று 1869-இலேயே பிரான்சின் ஜூல்ஸ் ரோலின் கண்டிருந்தார். எலிகளுக்கு அது தேவை என்பது 1934-இல் தெரிந்தது, பன்றிகளுக்குத் தேவை என்பது 1955-இல். மனிதருக்குத் துத்தநாகக் குறைவு வரவே வராது என்று மட்டும் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். எந்த உணவிலும் கொஞ்சமாவது அது இருக்கிறது, பிறகு எப்படிக் குறையும் என்பது அவர்கள் வாதம்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் பீகாரின் பக்ஸரில் 1928-இல் பிறந்த ஆனந்த பிரசாத். பாட்னாவில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் ஆய்வுப் பட்டம் பெற்று, 1958-இல் ஈரானின் ஷிராஸ் நகர மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவரிடம் கொண்டுவரப்பட்ட ஒரு நோயாளிக்கு வயது 21. பார்த்தால் பத்து வயதுப் பையன். உயரம் இல்லை, மீசை இல்லை, பருவ வளர்ச்சியே தொடங்கவில்லை. கடுமையான இரத்தசோகை, வறண்ட தோல், வீங்கிய கல்லீரல், மந்தமான முகம். அவருடைய சாப்பாடு தவிடு நீக்காத கோதுமையில் புளிக்க வைக்காமல் சுட்ட ரொட்டி. இறைச்சி, பால் பொருள்கள் அநேகமாக இல்லை. போதாததற்குக் களிமண்ணும் தின்பார்.

வளர்ச்சி தொலைந்துபோன பிள்ளையின் கதை அவிநாசிக்காரர்களுக்குப் புதிதல்ல. குளத்தில் குளிக்கப் போன சிறுவனை முதலை விழுங்கிவிடுகிறது. ஆண்டுகள் கழித்து ஊருக்கு வரும் சுந்தரர், ஒரு வீட்டில் பூணூல் கல்யாணக் களிப்பும் எதிர்வீட்டில் அழுகையும் கேட்கிறார். கூடக் குளித்துப் பிழைத்தவனுக்குப் பூணூல் கல்யாணம், போனவனை நினைத்துப் பெற்றவர்களின் அழுகை. அவர் பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விடுகிறது. விழுங்கிய வயதில் அல்ல. இடையில் போன ஆண்டுகளின் வளர்ச்சியோடு. கதையின் அற்புதமே அந்தக் கடைசி இடத்தில்தான் இருக்கிறது. உயிர் திரும்பியதோடு, தொலைந்த வளர்ச்சியும் சேர்ந்து திரும்புகிறது.

ஷிராஸில் வளர்ச்சியை விழுங்கியது எது?

பிரசாத் முதலில் இரும்புச்சத்துக் குறைவைச் சந்தேகித்தார். இரத்தசோகைக்கு அது பொருந்தியது. ஆனால் இரும்புக் குறைவால் மட்டும் ஒருவரின் பருவ வளர்ச்சி நின்றுபோவதில்லை. அதே தோற்றத்தில் இன்னும் பத்துப் பேர் வந்து சேர்ந்தார்கள். இரும்பு உடலில் சேர விடாமல் தடுக்கும் ஏதோ ஒன்று, இரும்பைப் போன்ற வேறொரு உலோகத்தையும் தடுக்கிறதா? விலங்கு ஆய்வுகளைப் புரட்டினார். துத்தநாகம் கிடைக்காத எலிகளுக்கும் வளர்ச்சி நின்றிருந்தது, விரை சுருங்கியிருந்தது, தோல் தடித்திருந்தது. அந்த ஊகத்தை 1961-இல் எழுதி வெளியிட்டார்.

ஊகம் சான்றாகாது. அடுத்து எகிப்துக்குப் போன பிரசாத், கெய்ரோவில் இருந்த அமெரிக்கக் கடற்படை மருத்துவ ஆய்வகத்தில், அதே போல வளர்ச்சி குன்றிய இளைஞர்களைப் பரிசோதித்தார். இவர்கள் களிமண் தின்னாதவர்கள். ஆகவே களிமண் மட்டும் காரணமில்லை என்பது தெளிவானது. இரத்தத்திலும் தலைமுடியிலும் துத்தநாகம் குறைந்திருந்தது. பிறகு, கதிர்வீச்சு அடையாளம் இட்ட துத்தநாகத்தை மிகச் சிறிய அளவில் ஊசி வழியாகச் செலுத்திப் பின்தொடர்ந்தார்கள். அது இரத்தத்திலிருந்து வேகமாக மறைந்தது. சிறுநீரிலும் மலத்திலும் வழக்கத்தைவிடக் குறைவாகவே வெளியேறியது. வறண்ட நிலத்தில் ஊற்றிய தண்ணீர் போல, உடல் அதை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. உடல் அதற்காகக் காத்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

கடைசிச் சோதனை எளிமையானது. துத்தநாகம் கொடுத்துப் பார்ப்பது. கொடுக்கப்பட்ட இளைஞர்கள் ஓர் ஆண்டில் 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை வளர்ந்தார்கள். நின்றுபோயிருந்த பருவ வளர்ச்சி சில மாதங்களிலேயே தொடங்கிவிட்டது. அப்படியும் மருத்துவ உலகம் எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல சாப்பாடு கொடுத்தாலே வளர்ந்திருப்பார்களே என்றார்கள். உடல் வளர்ச்சி போதாதென்று ஈரான் இராணுவம் திருப்பி அனுப்பிய இளைஞர்களை வைத்து இதற்கும் விடை தேடினார் ஜேம்ஸ் ஹால்ஸ்டெட். எல்லோருக்கும் நல்ல உணவு, சிலருக்கு மட்டும் கூடவே துத்தநாகம். சேர்த்துப் பெற்றவர்களே முந்தி வளர்ந்தார்கள். 1972-இல் அந்த முடிவு வெளியானது. 1974-இல் அமெரிக்க அறிவியல் கழகம் அன்றாடம் தேவையான சத்துகளின் பட்டியலில் துத்தநாகத்தைச் சேர்த்தது.

அப்படி அந்த உலோகம் உடலுக்குள் செய்வதுதான் என்ன?

வளர்ந்த மனிதரின் உடலில் உள்ள மொத்தத் துத்தநாகம் இரண்டு கிராமை ஒட்டிதான், அரை டீஸ்பூன் உப்பின் எடைகூட இல்லை. ஆனால் 300-க்கும் மேற்பட்ட நொதிகள் அதை நம்பி வேலை செய்கின்றன. நொதி என்பது உடலின் வேதிவேலைகளைச் செய்து முடிக்கும் புரத எந்திரம். அதை ஒரு தையல் மெஷின் என்று வைத்துக்கொண்டால், துத்தநாகம் அதன் ஊசி. மோட்டார் ஓடும், மிதி அசையும், நூல் கோத்திருக்கும்; ஊசி இல்லாவிட்டால் ஒரு தையல் விழாது. இரத்தச் சிவப்பணுவில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்றொரு நொதி இருக்கிறது. திசுக்களில் சேரும் கரியமில வாயுவை இரத்தத்தில் கரைத்து நுரையீரலுக்கு அனுப்பி வைப்பது அதன் வேலை. நொடிக்குப் பத்து லட்சம் மூலக்கூறுகள் வரை மாற்றக்கூடிய வேகம். அதன் நடுவில் உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு துத்தநாக அணு. 1940-இல் கேம்பிரிட்ஜில் கெய்லினும் மானும் அதைக் கண்டார்கள்.

துத்தநாகத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: மடிப்புக் கலையாமல் பிடித்துக்கொள்வது. புரதம் என்பது நீண்ட நூல். சரியான வடிவில் மடிந்து நின்றால்தான் அதற்குப் பயன். நூலின் நான்கு இடங்களை ஒரு துத்தநாக அணு ஒரு பட்டனைப் போலச் சேர்த்துப் பிடிக்க, அந்தப் பகுதி ஒரு விரல்போல் நீட்டி நிற்கிறது. இதன் பெயர் ‘துத்தநாக விரல்’. ஆரன் க்ளுக்கின் ஆய்வுக் குழு 1985-இல் தவளையின் புரதம் ஒன்றில் இதை அடையாளம் கண்டது. இந்த விரல்கள்தான் டிஎன்ஏ இழையைத் தொட்டுத் தடவி, எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்ய உதவுகின்றன. மனிதரிடம் இத்தகைய புரதங்கள் 700-க்கு மேல்.

இரும்பும் செம்பும் இருக்க, இந்த வேலைக்குத் துத்தநாகம் ஏன்? இரும்பும் செம்பும் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கும் குணமுள்ளவை. அந்தக் கொடுக்கல் வாங்கலில் தீப்பொறி போன்ற வேதிச் சிதறல்கள் எழும். பஞ்சுக் குடோனில் வெல்டிங் வேலையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். அதுபோல டிஎன்ஏ அருகிலும் பொறி பறக்காத உலோகம் வேண்டும். துத்தநாகம் எலக்ட்ரானைப் பரிமாறுவதில்லை, எப்போதும் ஒரே நிலையில் அமைதியாக இருக்கும்.

ஆக, செல்கள் எங்கெல்லாம் வேகமாகப் பெருகுகின்றனவோ அங்கெல்லாம் துத்தநாகத்தின் தேவை அதிகம். வளரும் குழந்தையின் எலும்பு, வயிற்றிலிருக்கும் கரு, ஆறும் காயம், கிருமியை எதிர்க்கப் பெருகும் வெள்ளணுக்கள், குடலின் உட்சுவர். குறைந்தால் முதலில் அடிவாங்குவதும் இவைதான். வளர்ச்சி நிற்கும், அடிக்கடி காய்ச்சலும் பேதியும் வரும், புண் ஆறத் தாமதமாகும், நாக்கில் ருசி மங்கும். இதில் ஒன்றைக்கூடத் ‘துத்தநாகக் குறைவு’ என்று நெற்றியில் எழுதி ஒட்ட முடியாது. ஒவ்வொன்றுக்கும் வேறு பத்துக் காரணங்கள் இருக்கலாம். இந்தக் குறைவு கண்ணில் படாமலே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சேமிப்பு இல்லாதது இன்னொரு காரணம். இரும்புச்சத்தைக் கல்லீரலில் சேர்த்து வைக்கலாம். அது பேங்க் கணக்கு உள்ள குடும்பம். துத்தநாகம் சனிக்கிழமை சம்பளத்தை அடுத்த சனிக்கிழமைக்குள் செலவழித்தாக வேண்டிய வீடு. எலும்பிலும் தசையிலும் இருப்பது எளிதில் கைக்கு வராது. உள்ளே வருவது நின்றாலோ பேதியில் வெளியே போவது கூடினாலோ தட்டுப்பாடு சீக்கிரமே தொடங்கிவிடும்.

வரவு எப்படி? தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்தபடி, ஆண்களுக்கு நாளொன்றுக்கு 17 மில்லிகிராம், பெண்களுக்கு 13.2. அமெரிக்காவிலோ முறையே 11, 8 போதும் என்கிறார்கள். இந்தியருக்கு மட்டும் ஏன் அதிகம்? இங்கே தானியம்தான் பிரதானம் என்பதே விடை. தானியத்தில் துத்தநாகம் இருக்கிறது, கூடவே அதைப் பூட்டிவைக்கும் பூட்டும் இருக்கிறது.

அந்தப் பூட்டின் பெயர் ஃபைட்டேட். விதைப்பூட்டு என்றே சொல்லலாம். முளைக்கப்போகும் செடிக்காக விதை சேர்த்துவைக்கும் பாஸ்பரஸ் கிட்டங்கி அது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஆறு கைகள். குடலுக்குள் வந்ததும் அவை துத்தநாகத்தை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. மனிதக் குடலால் அந்தப் பிடியைப் பிரிக்க முடியாது. ஆகவே தட்டில் இருந்த துத்தநாகம் குடலைத் தாண்டாமல் வெளியேறிவிடும். இறைச்சி மிகுந்த உணவில் பாதியளவு துத்தநாகம் உடலில் சேரலாம் என்றும், தவிடு நீக்காத தானியத்தையே பெரிதும் நம்பிய உணவில் அது 15 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. தட்டில் எவ்வளவு என்பது ஒரு கணக்கு, உடல் எவ்வளவு ஏற்றுக்கொண்டது என்பது வேறு கணக்கு. இந்த இரண்டாவதை ‘உடலேற்பு’ என்று பெயரிட்டுக்கொள்ளலாம். ஷிராஸ் இளைஞரின் வளர்ச்சியை விழுங்கிய முதலை, புளிக்காத ரொட்டியில் இருந்த ஃபைட்டேட்தான்.

குடலின் சுவரில் துத்தநாகத்தை உள்ளே இழுக்கும் வாசல் ஒரு புரதம். அதன் பெயரும் ‘ஜிப்-4’ என்பது திருப்பூர்க்காரர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். ஆங்கில எழுத்துகளின் சுருக்கம் அது, தையல் ஜிப்புக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் அந்த வாசல் பழுதானால் என்ன நடக்கும் என்பதை ஓர் அரிய பிறவி நோய் காட்டியது. தாய்ப்பால் நிறுத்தியதும் குழந்தையின் வாயைச் சுற்றியும் கைகால்களிலும் புண், முடி உதிர்வு, ஓயாத பேதி. முன்பெல்லாம் அது உயிரையே எடுத்துவிடும். 1970-களின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர் எட்மண்ட் மொய்னஹன் அத்தகைய ஒரு குழந்தைக்குத் துத்தநாகம் கொடுத்தார். புண்கள் ஆறின. வாசலில் நேர்ந்த மரபணுப் பிழை 2002-இல் கண்டறியப்பட்டது.

வாசல் சரியாக இருப்பவர்களுக்குப் பூட்டுதான் பிரச்சினை. அதற்குச் சாவி விதைக்குள்ளேயே இருக்கிறது. முளைக்கும் நேரம் வந்ததும் ஃபைட்டேட்டை உடைத்துப் பாஸ்பரஸை விடுவிக்க ‘ஃபைட்டேஸ்’ என்ற நொதியை விதையே இயக்கும். ஊறவைப்பதும் முளைகட்டுவதும் அந்த நொதியை எழுப்பிவிடும் வேலைகள். மாவு புளிக்கும்போது அந்த நொதிக்கு ஏற்ற புளிப்பு கிடைக்கிறது, நுண்ணுயிர்களும் கைகொடுக்கின்றன. இட்லி மாவை ராத்திரி முழுக்கப் புளிக்கவிடும் வீடும், ராகியை முளைகட்டிக் காயவைத்து அரைக்கும் வீடும், கம்மஞ்சோற்றைத் தண்ணீரில் போட்டு விடியக்காலையில் மோர் விட்டுக் கரைக்கும் வீடும் இந்தப் பூட்டைத் திறந்துகொண்டே இருந்திருக்கின்றன.

கொங்குச் சமையலறையில் துத்தநாகம் எங்கெங்கே என்று பார்த்தால், நூறு கிராம் பச்சரிசியில் ஏறத்தாழ 1.2 மில்லிகிராம்தான். நாளுக்கு 400 கிராம் அரிசி சாப்பிடும் ஆளுக்கு அதிலிருந்து ஐந்து மில்லிகிராமைத் தாண்டாது. கம்பிலும் ராகியிலும் அதைப்போல் இருமடங்குக்கு மேல். கொள்ளு, பச்சைப்பயறு, கடலை போன்றவையும் அந்த அளவையொட்டியே. எள்ளில் ஏழு மில்லிகிராமைத் தொடும். ஆட்டுக்கறியிலும் முட்டையிலும் இருப்பதற்குப் பூட்டே கிடையாது. தவிடு நீக்காத தானியத்தில் துத்தநாகமும் கூடுதல், ஃபைட்டேட்டும் கூடுதல் என்பதால், சிறுதானியத்துக்கு மாறுகிறவர்கள் ஊறவைப்பதையும் புளிக்கவைப்பதையும் விட்டுவிட்டால் பாதிப் பலன் போய்விடும். முதல் ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் டீயும் பன்னுமாகக் காலைச் சாப்பாட்டை முடிப்பவருக்கு இந்தக் கணக்கில் வரவே மிகக் குறைவு.

தட்டுக்கு முன்னால் மண் இருக்கிறது. மண்ணில் இல்லாதது தானியத்தில் வராது. பந்த்நகரில் 1966-இல் ஒய். எல். நேனே, நெற்பயிர் இலைகளில் துருநிறப் புள்ளிகள் பரவும் கைரா நோய்க்குக் காரணம் கிருமியல்ல, துத்தநாகக் குறைவே என்று நிறுவினார். தமிழ்நாட்டு மண் மாதிரிகளில் பாதிக்கு மேல் துத்தநாகம் பற்றாதவை. சுண்ணாம்பு கலந்த காரத்தன்மையுள்ள மண்ணில், துத்தநாகம் இருந்தாலும் வேருக்கு எட்டாத வடிவில் இறுகிவிடும். அப்படிப்பட்ட நிலம் கொங்குப் பகுதியில் நிறையவே உண்டு. ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொல்லும் பரிந்துரையின் பின்னணி இதுதான். விதையிலேயே துத்தநாகம் கூடிய இரகங்களும் வந்திருக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் டிஆர்ஆர் தான் 45 இரக அரிசியில் கிலோவுக்கு 22 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம் உண்டு.

நாட்டில் எத்தனை பேருக்குக் குறைவு? 2016-18 தேசிய முழுமையான ஊட்டச்சத்து ஆய்வில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 19 விழுக்காட்டினரிடமும், 10 முதல் 19 வயதினரில் 32 விழுக்காட்டினரிடமும் குறைவு காணப்பட்டது. உடல் திடீரென்று நீளும் பருவத்தில் மூவரில் ஒருவருக்குப் பற்றாக்குறை. ஆனால் தனி ஒருவரின் இரத்தத்தை எடுத்து இதை உறுதிசெய்வது எளிதல்ல. உடலின் துத்தநாகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இரத்தநீரில் ஓடுகிறது. சாப்பிட்டால் அது இறங்கும், காய்ச்சல் வந்தால் கல்லீரலுக்குள் ஒதுங்கும். சோதனைக் குழாயின் ரப்பர் மூடியில் உள்ள துத்தநாகம்கூட மாதிரியில் கலந்து கணக்கைக் கெடுத்துவிடும். அதனால்தான் இத்தகைய ஆய்வுகளுக்குத் தனிக் குழாய்கள் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் ஆளுக்கொரு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? கொரோனா காலத்தில் பலர் அதைச் செய்தார்கள். 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 214 நோயாளிகளை வைத்துச் சோதித்தபோது துத்தநாகம் நோயின் நாள்களைக் குறைக்கவில்லை. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். குறைவாக உள்ளவருக்கு அது மருந்து, போதுமானது இருப்பவருக்கு மேலும் சேர்ப்பதால் பலனில்லை. அளவு மீறினால் கேடும் உண்டு. நாள்தோறும் அதிகமாக உள்ளே போகும் துத்தநாகம், குடலில் செம்பை உள்ளே விடாமல் தடுத்துவிடும். செம்பு குறைந்தால் இரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்பது உச்சவரம்பு.

குழந்தையின் பேதிக்கு வருவோம். 1995-இல் டெல்லியில் 937 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எம். கே. பான் உள்ளிட்ட மருத்துவர்கள் நடத்தியது. துத்தநாகம் பெற்ற குழந்தைகளுக்குப் பேதி நீடிக்கும் வாய்ப்பு 23 விழுக்காடு குறைந்தது. இதையும் மற்ற நாடுகளின் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, 2004-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் ஓ.ஆர்.எஸ். கரைசலோடு துத்தநாகமும் 10 முதல் 14 நாள் தர வேண்டும் என்று அறிவித்தன. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்தால் 10. பின்னர் இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வு, ஐந்து, பத்து மில்லிகிராம் அளவுகளும் ஏறத்தாழ அதே பலன் தருகின்றன, வாந்தியும் குறைகிறது என்று காட்டியது. அளவைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. நாளின் எண்ணிக்கையை மட்டும் அந்த ஆய்வும் பதினாலாகவே வைத்திருந்தது.

பேதியின்போது குழந்தையின் உடலிலிருந்து தண்ணீரோடும் உப்போடும் துத்தநாகமும் வெளியேறுகிறது. தண்ணீரையும் உப்பையும் ஓ.ஆர்.எஸ். அன்றே ஈடுகட்டிவிடும். துத்தநாகத்துக்குச் சேமிப்பு இல்லாததால் அந்தப் பள்ளம் நிரம்ப நாளாகும். அது நிரம்பினால்தான் கிருமியை எதிர்க்கும் அணுக்கள் பெருகும். பதினாலு நாளும் கொடுத்தால், அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்குப் பேதி திரும்புவதும் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

குடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளைக்கொரு முறை உதிர்ந்து புதிதாகின்றன. பேதி கண்ட நாலாம் நாள், பழைய சுவர் உதிர்ந்து புதுச் சுவர் எழும்பிக்கொண்டிருக்கும் நேரம். சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் பத்து மாத்திரையும் அந்தக் கட்டுமானத்துக்கானவை. பதினாலாவது மாத்திரை கரண்டியில் கரையும் நாளுக்குள், அந்தச் சுவர் இரண்டு முறையாவது புதிதாகியிருக்கும்.